ஓநாயை இறக்கியது யார்?

நள்ளிரவு. புளியரைச் சாவடியைக் கடந்து வருகிறதாம் ஒரு லாரி. மலையடிவாரத்துப் பாதையில் திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டார்களாம். ஆளரவமற்ற ஓரிடத்திலே நின்றதாம். பின்கதவு திறந்ததாம். உள்ளிருந்து பாய்ந்தனவாம் ஓநாய்கள் — ஒன்றல்ல, இரண்டல்ல, பத்துப் பன்னிரண்டு! வந்த சுவடு தெரியாமல் லாரி திரும்பிவிட்டதாம். விடிந்து பார்த்தால், கிடையிலே கழுத்து கிழிந்து கிடக்கின்றன இரண்டு வெள்ளாடுகள்.

இத்தனை 'ஆம்' எதற்கு என்று கேட்பீர்கள். 'ஆம்' போடாமல் எழுதக்கூடிய ஒரே வரி இந்தக் கதையில் கடைசி வரிதான். ஆடுகள் செத்தது மெய். மற்றதெல்லாம் 'ஆம்'!

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில், மேலகரத்தை ஒட்டிய ஒரு தேநீர்க் கடையிலே இந்தக் கதையைக் கேட்டேன். சாரல் காலம். மலை முழுதும் முகில் போர்த்திக் கிடந்தது. சொன்னவர் முதியவர். இருபது இருபத்தைந்து ஆடுகள்தாம் அவருக்கு நிலம், நீர், வங்கி எல்லாம்.

"தானா வந்த மிருகம் இல்ல அண்ணாச்சி. கொண்டாந்து எறக்கிருக்காவ. காட்டுல மிருகம் பெருகிட்டுன்னு கணக்குக் காட்டணும்லா?" என்றார்.

"நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"நான் பாக்கல. எங்க அக்கா மவன் சொன்னான்."

"அவர் பார்த்தாரா?"

"அவன் சேக்காளி பாத்திருக்கான். செங்கோட்டையில லோடு ஏத்துத பய."

கண்டவனைத் தேடிப் போனால் கேட்டவன் கிடைக்கிறான். அவனைப் பிடித்து உலுக்கினால் இன்னொரு கேட்டவனைக் காட்டுகிறான். செங்கோட்டைக்கே போயிருந்தாலும் அந்த நண்பர், தாம் கேட்டது கொல்லத்தில் என்றிருப்பார். ஐயமில்லை.

அருகில் அமர்ந்திருந்த இளைஞர் இருவர் வாய்விட்டு நகைத்தனர். கருப்புச் சட்டை அணிந்தவர்கள். நம் ஏடுகளைப் படிப்பவர்கள். "பெரியவரே, பேய் போய் இப்போது ஓநாய் வந்துவிட்டதா?" என்றார் ஒருவர். முதியவர் முகம் சுருங்கிற்று. எனக்கு நகைப்பு வரவில்லை. பேய்க்கதைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள வேற்றுமை என் கண்ணில் பட்டதே காரணம். பேயை எவரும் லாரியில் ஏற்றியதில்லை. விலங்கை ஏற்றியிருக்கிறார்கள்.

2023-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கேரளத்துச் சின்னக்கானலில் வீடுகளையும் கடைகளையும் உடைத்து அரிசி தின்று வந்த ஆண் யானை, அரிசிக்கொம்பன். ஏப்ரல் 29-ஆம் நாள் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது அந்நாட்டு வனத்துறை. பெரியாற்றுப் புலிகள் காப்பகத்திலே விட்டது. யானைக்கு எல்லைக்கோடு தெரியுமா? மே 27-ஆம் நாள் கம்பம் நகரத் தெருவிலே ஓடிற்று. அதனால் தள்ளுண்டு வீழ்ந்த ஒருவர் மாண்டார். ஜூன் 5-ஆம் நாள் நம் வனத்துறை அதை மீண்டும் பிடித்து, லாரியிலே ஏற்றி, தேனியிலிருந்து நெல்லைச் சீமைக்குக் கொணர்ந்து, களக்காடு–முண்டந்துறை மலைமேல், மேல்கோதையாற்றுப் பக்கம் முத்துக்குழிக் காட்டில் இறக்கிற்று. கழுத்திலே வானொலிப் பட்டை. வழியெங்கும் மக்கள் நின்று பார்த்தனர். எதிர்ப்புக் குரலும் எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த யானை மாஞ்சோலைத் தோட்டப் பகுதியில் உலவிற்று.

அடுத்த ஆண்டு, 2024 மே மாதம். பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்தில் ஆடுகளைச் சிறுத்தை அடித்தது. கூண்டு வைத்தார்கள், சிக்கியது. வண்டியிலே ஏற்றி மேலே கொண்டுபோய் அடர்காட்டில் விட்டார்கள். பின்னும் கூண்டு வைத்தார்கள், மேலும் சிக்கின, அவற்றையும் அப்படியே விட்டார்கள். ஊர்க்குரங்கைப் பிடித்து மலையிலே விடுவதோ நம் ஊர்களில் வழக்கமாகிவிட்ட செயல்.

இன்னொரு லாரியும் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர்ச் சுற்று வட்டாரத்தில் கிடந்தது மலைமலையாய் மருத்துவக் கழிவு. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் சீட்டுகளே அதில் கிடந்தன. எல்லை தாண்டி இரவோடிரவாகக் கொண்டு வந்து கொட்டியிருந்தனர். பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்தபின், கேரளத்து அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றனர்.

ஆகவே, இரவிலே எல்லை தாண்டி வரும் லாரி, மெய்யான லாரி. விலங்கை ஏற்றிய வண்டி, மெய்யான வண்டி. பிடித்த சிறுத்தையை மலையிலே விட்டது, செய்தித்தாளில் வந்த செய்தி. முதியவரின் கதையில் பொய்யானது ஒன்றே ஒன்று: ஓநாய். மூன்று மெய்களைச் சேர்த்துத் தைத்த பொய் அது. அதனால்தான் அது இத்தனை எளிதாக நடமாடுகிறது.

ஓநாய் ஏன் பொய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓநாய், புதரும் வெட்டவெளியும் கலந்த வறண்ட நிலத்து விலங்கு. தக்காணத்துப் புல்வெளிகளில், ஆட்டிடையரின் கிடைகளைத் தொடர்ந்து வாழ்வது. தமிழ்நாட்டிலே இன்று மிக அருகி, வடமேற்கு எல்லைக் காடுகளின் ஓரங்களில் தென்படுகிறது. அருவி பாயும் குற்றாலத்து மழைக்காடு அதற்கு வீடன்று. இங்கே கூட்டமாய் வேட்டையாடும் நாயினம் செந்நாய். அது காட்டுக்கே உரியது. எவரும் கொண்டுவந்து விடவேண்டியதில்லை. அந்தியிலே வயல் வரப்பில் ஓடுவது குள்ளநரி. இவை இரண்டையும் விட ஆட்டுக்குப் பெரும் பகை ஒன்று உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நம் முதியவர் ஒருவர்தாம் இப்படி நினைக்கிறாரா? அறிவியல் வளர்ந்த நாடு என்று நாம் அண்ணாந்து பார்க்கும் பிரான்சு நாட்டுக்குப் போவோம்.

அங்கே 1930-களோடு ஓநாய் அற்றுப்போயிற்று. சுட்டும் நஞ்சிட்டும் தீர்த்துவிட்டனர். அண்டை நாடான இத்தாலியிலோ, அப்பெனைன் மலைகளில் ஏறக்குறைய நூறு ஓநாய்கள் எஞ்சியிருந்தன. 1971-இல் அங்கே ஓநாய் வேட்டைக்குத் தடை வந்தது. 1976-இல் முழுப் பாதுகாப்பு. குட்டிகள் பெருகின. இளம் ஓநாய் தன் கூட்டத்தை விட்டுப் புது நிலம் தேடும். அதன் இயல்பு அது. மலைத்தொடரைப் பற்றிக்கொண்டே வடக்கே நகர்ந்து, ஆல்ப்ஸ் மலைக்கு வந்தன. 1992 நவம்பரில், பிரான்சின் மெர்க்காந்தூர் தேசியப் பூங்காவிலே இரண்டு ஓநாய்களைக் கண்டனர் காவலர்கள்.

கண்டவர்கள் என்ன செய்தார்கள்? வாயை மூடிக்கொண்டார்கள்! மறு ஆண்டு இளவேனிலில் ஓர் இயற்கை இதழ் வெளியிட்ட பிறகே நாடு அறிந்தது. அந்தச் சில மாத மௌனத்துக்குக் கொடுத்த விலை சிறிதன்று. "மறைத்தார்கள் என்றால் விட்டவர்களும் இவர்களே!" என்றனர் ஆட்டு மந்தை உரிமையாளர். வண்டியில் வந்தது, கூண்டில் வந்தது, இரவில் வந்தது என்று கதை பெருகிற்று. நாடாளுமன்றமே விசாரணைக் குழு அமைத்து, 2003-இல் அறிக்கை தரும்படி ஆயிற்று. ஓநாயின் எச்சத்தையும் மயிரையும் எடுத்து மரபணுவைச் சோதித்தனர் அறிவியலார்; இத்தாலிய ஓநாயின் வழித்தோன்றல் என்று அது காட்டிற்று. நம்பாதவர்கள் நம்பவில்லை. "இத்தாலியிலிருந்துதான் லாரியில் வந்தது" என்றனர்! சான்றைக் காட்டினால் சான்றையும் விழுங்கிக் கொழுக்கும் ஆற்றல் புரளிக்கு உண்டு.

ஓர் ஓநாய் தன் காலாலேயே அவ்வளவு தொலைவு நடக்குமா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்திருக்கிறது. 2011 டிசம்பரில், ஸ்லோவேனியா நாட்டில் கழுத்துப் பட்டை பூட்டப்பட்டிருந்த ஓர் இளம் ஓநாய் புறப்பட்டது. ஆஸ்திரியாவைக் கடந்து, பனி மலைகளை ஏறி இறங்கி, ஆறுகளை நீந்தி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 2012 மார்ச்சில் இத்தாலியின் வெரோனா நகரையடுத்த மலையை அடைந்தது. அதன் ஒவ்வொரு நாள் பயணமும் நிலப்படத்தில் பதிவாயிற்று. அங்கே ஒரு பெண் ஓநாயைச் சேர்ந்தது. வெரோனா அல்லவா, அதற்கு ஜூலியட் என்று பெயரிட்டார்கள்!

இதைவிட வேடிக்கையான புரளியும் அதே பிரான்சில் உலவியது. 1970-களின் நடுவிலிருந்து ஊர் ஊராய்ப் பரவியது அது. இயற்கைக் காவலர்கள் ஹெலிகாப்டரிலிருந்து விரியன் பாம்புகளைப் பெட்டி பெட்டியாய் வீசுகிறார்கள் என்பதே கதை. வெரோனிக் காம்பியோன்–வென்சான் என்னும் ஆராய்ச்சியாளர் இதைத் தொடர்ந்து ஆய்ந்தார். வீசியதைக் கண்டவர் எவருமில்லை. கண்டவரை அறிந்தவரோ எங்கும் உளர். மேலகரத்து அக்கா மகனுக்குப் பிரான்சு முழுதும் உறவினர்!

இன்னும் இரு நூற்றாண்டு பின்னே போனால், மதம் கைகொடுக்கக் காணலாம். 1764 முதல் 1767 வரை, தென் பிரான்சின் ஜெவோதான் பகுதியில் ஏதோ ஒரு கொடுவிலங்கு ஏறக்குறைய நூறு பேரைக் கொன்றது. பெரும்பாலோர் ஆடு மாடு மேய்க்கச் சென்ற சிறுவர், சிறுமியர், பெண்கள். மாந்து நகரத்து ஆயர், 1764 டிசம்பர் 31-ஆம் நாள் ஓர் அறிக்கை விடுத்தார். உங்கள் பாவத்துக்கு ஆண்டவன் அனுப்பிய தண்டனை இது. நோன்பிருங்கள், தொழுங்கள் என்பது அதன் பொருள். அதாவது, விலங்கை இறக்கியது யார் என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை: கடவுள்! மன்னன் பதினைந்தாம் லூயி வேட்டைக்காரரை அனுப்பினான். 1765 செப்டம்பரில் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டு, வெற்றி என்று முழக்கினர். கொலைகள் மீண்டும் தொடர்ந்தன. 1767 ஜூனில் ழான் சாஸ்தெல் என்னும் உள்ளூர்க்காரர் சுட்ட விலங்கோடு அவை நின்றன. பின் வந்த கதாசிரியர்கள் அந்த மனிதரின் குடும்பத்தையே பிடித்துக்கொண்டனர்: விலங்கை வளர்த்துப் பழக்கி ஏவிவிட்டவர்கள் அவர்களே என்று! தொல்லையைத் தீர்த்தவன்மேலேயே பழி. மேய்ச்சல் காட்டுக்குத் துணையின்றிக் குழந்தைகளை அனுப்ப வைத்த வறுமையைப் பற்றி ஆயரும் எழுதவில்லை; கதாசிரியரும் எழுதவில்லை.

சரி, வேட்டைக் காட்டிலே விலங்கைக் கொண்டுவந்து விட்டவர்கள் வரலாற்றிலே எவருமே இல்லையா? உண்டு. ஏழை மக்கள் கட்டிய புரளியில் அல்ல, சீமான்களின் சொந்தக் குறிப்பேடுகளில் அவர்களைக் காணலாம்.

இங்கிலாந்திலே நரி வேட்டை பிரபுக்களின் பொழுதுபோக்கு. ஓட ஓட விரட்டியதில் நரி குறைந்தது. நரியில்லாவிட்டால் சிவப்புச் சட்டையும் கொம்பு வாத்தியமும் எதற்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து நரிகளை இறக்குமதி செய்தனர். லண்டன் லெடன்ஹால் சந்தையிலே நரி விலைக்குக் கிடைத்தது! சாக்கிலே கட்டிக் கொண்டுபோய் வேட்டைக் காட்டில் அவிழ்த்துவிட்டனர். குடியானவன் கோழியை இழந்தான். கோமான் குதிரையேறிக் களித்தான். அதே கோமான்களின் பங்காளிகள் உதகமண்டலத்துக்கு வந்தபோது, வேட்டை நாய்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். நரிக்குப் பதிலாக நம் குள்ளநரியை விரட்டினர். 1879-இல் நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டமே இயற்றிக்கொண்டனர். மீன் பிடித்து மகிழ டிரவுட் மீன் வேண்டியிருந்தது. அவலாஞ்சியில் அதற்கொரு பண்ணையும் 1907-இல் எழுந்தது.

நம் மன்னர்கள் பின்தங்கினார்களா? குவாலியர் மகாராசா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து சிங்கங்களை வரவழைத்தார். தம் காட்டிலே அடைத்து வளர்த்து, பின் வெளியே விட்டார். சிங்கத்துக்கு மகாராசாவின் கனவு புரியவில்லை; மாடுகளை அடித்தது, மனிதரையும் அடித்தது. முடிவில் அவற்றைச் சுட்டுத் தள்ள வேண்டியதாயிற்று. இராசபுதனத்து துங்கர்பூரில் இருந்த புலிகளை வேட்டையாடித் தீர்த்தபின், அந்நாட்டு மன்னர் 1920-களின் இறுதியில் குவாலியரிலிருந்து புலிகளைத் தருவித்துக் காட்டில் விட்டார். விடும்போது எந்தக் குடியானவனிடமாவது ஒப்புதல் கேட்டிருப்பார்களா? கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

விட்டது ஒரு பக்கம், கொன்றது மறுபக்கம். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில், பரிசுப் பணம் கொடுத்து ஆங்கில ஆட்சி கொல்லச் செய்த விலங்குகளை வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார்: புலிகள் 80,000-க்கு மேல், சிறுத்தைகள் 1,50,000-க்கு மேல், ஓநாய்கள் 2,00,000. இரண்டு இலட்சம் ஓநாய்! இந்நாட்டில் ஓநாயைப் பொறுத்தவரை அரசாங்கம் செய்த பெருஞ்செயல், இறக்கியது அன்று; ஒழித்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது எஞ்சியிருந்தது சிறு மிச்சம்.

இங்கே நம் மலைக்குத் திரும்புகிறேன். மலை யாருடையது என்ற கேள்வி ஒருபுறம் உறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தொடாமல் இந்தப் புரளி புரியாது.

திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்தது இதே மேலகரம். அவருடைய குறவஞ்சியில் சிங்கன் வலை விரிக்கிறான், பறவை பிடிக்கிறான். எவரிடமும் சீட்டு வாங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுச் சிங்கனுக்கு அது தொழில். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினி ஆட்சி ஊர்மக்களின் படைக்கலங்களைப் பறித்தது, கோட்டைகளை இடித்தது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்கப்பட்ட காட்டிலே வேட்டையாடினால் குற்றம். ஆடு மேய்த்தால் குற்றம். விறகு வெட்டினால் குற்றம். சிங்கன் ஒரே நாளில் குற்றவாளியானான். துரைமார் துப்பாக்கியோடு வரலாம். ஜமீன்தார் பரிவாரத்தோடு வரலாம். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் தன் மலையில் 8,373 ஏக்கரை பம்பாய் பர்மா வாணிபக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மலையடிவாரத்து மக்கள் அங்கே மேய்ச்சல் பாத்தியம் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. 1952-இல் அந்தக் காடு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1962-இல் முண்டந்துறைப் புலிகள் சரணாலயம், 1976-இல் களக்காடு, 1988-இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம். மாஞ்சோலையில் தலைமுறை தலைமுறையாய்த் தேயிலை கிள்ளிய தொழிலாளரின் வேலையும் 2024-இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் முடிவுக்கு வந்தது.

இந்த அறிவிப்புகளிலே பல தேவையானவை. காட்டைக் காக்காவிட்டால் தாமிரபரணி வற்றும், குற்றாலத்து அருவி வற்றும். அதில் எனக்கு ஐயமில்லை. எனினும், ஒவ்வொரு முறையும் முடிவு மேலே எங்கோ எடுக்கப்பட்டது. கீழே உள்ளவனுக்கு அறிவிப்புப் பலகையாக வந்து சேர்ந்தது. தன்னைக் கேளாமல் இத்தனையும் நடந்ததைக் கண்டவன், தன்னைக் கேளாமல் ஓநாயையும் இறக்கியிருப்பார்கள் என்று நம்பினால், அதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியுமா? ஆயரின் அறிக்கையை நம்புவது வேறு. இது வேறு.

புலி பெருகியது எப்படி என்றும் அந்த முதியவர் கேட்டார். கணக்கு இது: 2006-இல் தமிழ்நாட்டுக் காடுகளில் 76 புலிகள் என்று மதிப்பிட்டனர். 2010-இல் 163, 2014-இல் 229, 2018-இல் 264, 2022-இல் 306. பதினாறு ஆண்டுகளில் நான்கு மடங்கு! "லாரி இல்லாம எப்படி?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. புலி ஒரே ஈற்றில் மூன்று நான்கு குட்டி ஈனும். மானும் மிளாவும் பெருகி, துப்பாக்கியும் சுருக்குக் கண்ணியும் குறைந்தால் குட்டிகள் பிழைக்கும். எண்ணும் முறையும் மாறிற்று. முன்பு காலடித் தடத்தை வைத்து எண்ணினர். 2006 முதல் மரத்திலே தானியங்கிக் கேமராக்களைக் கட்டி, புலியின் வரிகளை ஒப்பிட்டு எண்ணுகின்றனர். மனிதனுக்குக் கைரேகை போல் புலிக்கு வரி. எண்ணத் தெரிந்தபின் எண்ணிக்கை கூடுவதும் உண்டு. இந்த விளக்கத்தை ஊர்ச் சாவடியில் அமர்ந்து எவராவது அவருக்குச் சொல்லியிருந்தால், செங்கோட்டை லோடுகாரர் சொன்ன கதை அவ்வளவு எளிதில் எடுபட்டிருக்குமா?

இப்படிப்பட்ட புரளி சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. உத்தரப்பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில், 1996-ஆம் ஆண்டு ஓநாய் குழந்தைகளைத் தூக்கிற்று. கொல்லப்பட்டவர்களும் கடியுண்டவர்களுமாக எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள். கதவில்லாக் குடிசைகளின் குழந்தைகள், முற்றத்திலே உறங்கிய குழந்தைகள். ஊரிலே எழுந்த கதை என்ன தெரியுமா? அது விலங்கன்று, ஓநாய் வேடம் பூண்ட மனிதன். பாகிஸ்தான் அனுப்பிய ஆள் என்றுகூடச் சொன்னார்கள். விளைவு? ஓநாய் தப்பித்தது, ஊருக்குப் புதியவர்களான மனிதர்கள் அடிபட்டுச் செத்தார்கள். இறக்கியவன் யார் என்று தேடப் புறப்படும் கூட்டம், கையில் கிடைத்த எளியவனிடம்தான் வந்து நிற்கும். 2024-இல் அதே மாநிலத்தின் பகராயிச் மாவட்டத்தில் ஓநாய் மீண்டும் குழந்தைகளைத் தாக்கியபோது, வனத்துறை கேமராவும் கூண்டுமாக உடனே இறங்கியது.

இன்னொரு நிகழ்ச்சி. இமயமலையடியில் ருத்ரபிரயாகை. 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. கேதாரநாதம், பத்ரிநாதம் என்று யாத்திரை போனவர்கள் நடுங்கிய காலம். ஜிம் கார்பெட் 1947-இல் வெளியான தம் நூலில் எழுதுகிறார்: இரவில் சிறுத்தையாக உருமாறி ஆளைத் தின்பவர் என்று ஒரு சாமியார்மேல் ஐயம் கொண்டது கூட்டம், உயிரோடு கொளுத்த முற்பட்டது. சாமியார் என்றால் நமக்குப் பரிவு சுரப்பதில்லை. ஆயினும், செய்யாத குற்றத்துக்கு எரிய வேண்டியவர் எவருமில்லை. அங்கே வந்த ஆங்கில அதிகாரி கூட்டத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை, அறிவுரையும் ஆற்றவில்லை. "கொளுத்துமுன் குற்றம் உறுதியாக வேண்டாமா? இவரை இரவும் பகலும் நீங்களும் காவலரும் சேர்ந்து காவல் வையுங்கள்." என்ற பொருள்படக் கூறினார். ஒப்புக்கொண்டனர். எட்டாம் நாள் காலை செய்தி வந்தது: சில கல் தொலைவில் ஒரு வீட்டிலே புகுந்து ஒருவரைத் தூக்கிப் போயிற்று சிறுத்தை. சாமியார் விடுதலை.

அந்தத் தேநீர்க் கடை இளைஞர்களிடம் இந்தக் கதையைத்தான் சொன்னேன். நகைத்திருந்தால் சாமியார் சாம்பலாகியிருப்பார்.

பிறகு நால்வருமாய் முதியவரின் கிடைக்குப் போனோம். மழை ஓய்ந்திருந்தது. ஒரு ஆட்டை முன்னரே புதைத்துவிட்டார். மற்றது கிடந்தது. கழுத்தில் மட்டுமல்ல, பின்தொடையிலும் வயிற்றிலும் பல இடங்களில் கடி. தின்றது குறைவு; கிழித்தது மிகுதி. ஈர மண்ணிலே தடங்கள், நகம் பதிந்தவை. சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். தடத்தில் நகக்குறி விழாது. நாயினத்தின் தடத்தில் விழும். குற்றாலத்தில் பருவம் முடிந்து கடைகளின் எச்சிலை வற்றினால், தெருநாய்கள் கூட்டங் கூட்டமாய் எங்கே போகும்? முன்னே சொல்வதாகக் கூறிய பகை இதுதான். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலே, காங்கேயம், வெள்ளகோவில் பக்கங்களில், தெருநாய்க் கூட்டம் ஆடுகளைக் கொன்று குவித்ததும், செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர்கள் போராடியதும், 2025-இல் அரசு நிவாரணம் அறிவித்ததும் நாடறிந்தவை. அங்கேயும் தொடக்கத்தில் செய்தித்தாள்களுக்கு வழக்கமான சொல் ஒன்று இருந்தது: 'மர்ம விலங்கு'. பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கு வாலாட்டும் விலங்கிலே என்ன மர்மமோ!

எனினும், அந்தத் தடம் நாயுடையதா, செந்நாயுடையதா என்று அடித்துச் சொல்ல நாங்கள் யார்? கால்நடை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும்; வனக் காவலர் வந்து பார்க்க வேண்டும். வந்து பார்க்கும்வரை ஆட்டைப் புதைக்கலாகாது என்பதுகூட அந்த முதியவருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. முதல் ஆடு அப்படித்தான் மண்ணுக்குள் போயிற்று, சான்றோடு சேர்ந்து.

"சரி அண்ணாச்சி, லாரி வரலன்னே வச்சுக்கிடுவோம்" என்றார். "செத்த ரெண்டு ஆட்டுக்கு யாருகிட்ட மனு எழுத?"

நகைத்த இளைஞரில் ஒருவர் பையிலிருந்து தாளை எடுத்தார். வனச்சரக அலுவலகத்துக்கு ஒன்று, கால்நடை மருத்துவருக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று எழுதத் தொடங்கினோம். நாள், இடம், ஆட்டின் வயது, கடியின் இடம், தடத்தின் அளவு எல்லாம் வந்தன. தடத்தை அளக்க அளவுகோல் இல்லை. தீப்பெட்டியைப் பக்கத்திலே வைத்துக் கைப்பேசியில் படமெடுத்தோம்.

"என்ன மிருகம்னு போடப் போறிய?" என்று கேட்டார் முதியவர்.

"நீங்கள் பார்த்தீர்களா?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இல்ல. பாக்கல" என்றார்.

'கடித்த விலங்கைக் கண்ணால் காணவில்லை' என்று எழுதினார் இளைஞர். முதியவர் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கீழே மெல்லத் தம் பெயரை எழுதினார்.